உறையில் எழுதப்பட்ட வரலாறு

பழைய இசைத்தட்டுகளைச் சேகரிப்போரைப் பொருட்பித்தர்கள் என்று ஒதுக்கிவிடுவது எளிது. ஆனால் 1970களின் பிற்பகுதியில் பிரிட்டனில் தோன்றிய இண்டி ராக் இசையைப் பொறுத்தவரை, வினைல் தட்டும் அதன் உறையும் அவ்வியக்கத்தின் மூல ஆவணங்கள். 'இண்டி' என்ற சொல் தொடக்கத்தில் ஓர் இசைப்பாணியைக் குறிக்கவில்லை என்பதை நாம் நினைவிற்கொள்ள வேண்டும். பெருநிறுவனங்களின் துணையின்றித் தட்டைத் தயாரித்து, அவற்றின் விநியோக வலைக்கு வெளியே விற்கும் முறைக்கே அப்பெயர். 1980 ஜனவரியில் இண்டி தட்டுகளுக்கெனத் தனி விற்பனைப் பட்டியல் வெளிவரத் தொடங்கியபோது, அதில் இடம்பெறுவதற்கான அளவுகோலும் விநியோகச் சுதந்திரமே.

மான்செஸ்டரின் பஸ்காக்ஸ் குழுவினர் 1976 டிசம்பர் இறுதியில், நண்பர்களிடமும் குடும்பத்தாரிடமும் கடன்பெற்ற சுமார் 500 பவுண்டைக் கொண்டு நான்கு பாடல்களைப் பதிவுசெய்தனர். 'ஸ்பைரல் ஸ்க்ராட்ச்' என்ற அத்தட்டு 1977 ஜனவரியில் 1,000 படிகளாக வெளிவந்தது. ஒவ்வொரு பாடலும் எத்தனையாவது முயற்சியில் பதிவானது என்பதை உறையிலேயே குறித்திருந்தனர். 1978இல் ஸ்க்ரிட்டி பொலிட்டி குழுவினர் ஒருபடி மேலே சென்றனர். தங்கள் முதல் தட்டின் நகலெடுத்த தாளுறையில், ஒலிப்பதிவு முதல் தட்டு அச்சிடுவது வரை ஆன செலவுகளைக் கணக்கேடுபோல் வரிசைப்படுத்தினர். தொழில் இரகசியம் என்று எதுவும் இல்லை, நீங்களும் செய்யலாம் என்பதே அக்கணக்கின் பொருள்.

அப்படிச் செய்தவர்களுக்கு விற்பனை வழியும் வேண்டியிருந்தது. ஜெஃப் டிராவிஸ் 1976இல் மேற்கு லண்டனில் தொடங்கிய ரஃப் டிரேட் கடை, யார்க், பிரிஸ்டல், லிவர்பூல் முதலிய ஊர்களின் கடைகளுடன் இணைந்து 'கார்ட்டெல்' என்ற விநியோகக் கூட்டமைப்பை உருவாக்கியது. சிறு குழுவொன்றின் தட்டு நாடெங்கும் சென்றடைய அதுவே பாதை அமைத்தது.

சேகரிப்பைக் கேலி செய்த தட்டுகளும் உண்டு. ஃபாக்டரி நிறுவனம் 1980இல் டுருட்டி காலம் குழுவின் முதல் ஆல்பத்தை உப்புத்தாள் உறையில் வெளியிட்டது. அலமாரியில் அதனருகே வைக்கப்படும் மற்ற தட்டுகளின் உறைகளை அது உராய்ந்து கெடுக்கும். கீ டெபோர் 1959இல் வெளியிட்ட நூலொன்றின் அட்டையிலிருந்து பெற்ற எண்ணம் அது. உப்புத்தாளை ஒட்டும் வேலையில் ஜாய் டிவிஷன் குழுவினரும் ஈடுபட்டனர். அந்த உறையே இன்று சேகரிப்போர் தேடியலையும் பொருளாகிவிட்டது.

பிரிஸ்டலில் 1987இல் தொடங்கிய சாரா ரெக்கார்ட்ஸின் கதை இன்னும் கூர்மையானது. ஒரே பாடலைப் பல வடிவங்களில் வெளியிட்டு ரசிகனை மீண்டும் மீண்டும் வாங்கவைப்பது சுரண்டல் என்று அவர்கள் கருதினர். மலிவான ஏழு அங்குலத் தட்டுகளையே பெரிதும் நம்பி, 1995இல் நூறாவது வெளியீட்டுடன் தாமாகவே நிறுத்திக்கொண்டனர். எல்லோருக்கும் எட்டவேண்டும் என்று செய்த அத்தட்டுகளும் இப்போது அரும்பொருட்களாக விலை பேசப்படுகின்றன.

இம்முரணுக்குச் சேகரிப்போரை மட்டும் பொறுப்பாக்குவது நியாயமன்று. 1991இல் ரஃப் டிரேட்டின் விநியோக அமைப்பு சரிந்தது. 1992இல் ஃபாக்டரி திவாலானது. நிறுவனங்கள் மறைந்தபின் அவ்வரலாற்றின் பெரும்பகுதி எஞ்சியிருந்தது தனிமனிதர்களின் அலமாரிகளில்தான். 'ஸ்பைரல் ஸ்க்ராட்ச்' 2017இல் மறுபதிப்பும் கண்டது. பாடலை மட்டும் நாடுவோருக்கு அது போதும். ஆனால் பழைய படிகளில் வேறு தடயங்களும் உள்ளன: நகலெடுத்த தாளின் மங்கிய மை, இறுதி வரிப்பள்ளத்தை அடுத்த வெற்றிடத்தில் ஒலித்தட்டு வெட்டுநர் ஜார்ஜ் பெக்கம் கையால் கீறிய 'போர்க்கி' என்னும் முத்திரை. அவற்றைப் படிக்கத் தெரிந்தவருக்கு யார், எங்கே, எவ்வளவு செலவில் அத்தட்டை உருவாக்கினர் என்பது புலப்படும்.

ஆகவே முதற்பதிப்பை வைத்திருப்பதில் பிழையில்லை என்றே நாம் கருதுகிறோம். விலையேற்றத்துக்காகக் காத்து, முள் படாமல் நெகிழி உறைக்குள் அதைப் பூட்டிவைக்கும்போதுதான் அந்தச் செலவுக் கணக்கை அச்சிட்டவர்களின் நோக்கம் தோற்கிறது. தன் தட்டைப் பிறர் கேட்க ஒலிக்கவிட்டு, உறையைப் படிக்கக் கையில் தரும் சேகரிப்பாளரிடம் அந்நோக்கம் இன்னும் உயிரோடிருக்கிறது.