ப்ரெய்ரி வியூ: ஏழு மைல் தள்ளி ஓட்டுப்பெட்டி

பிப்ரவரி வந்தா அமெரிக்கக் கல்லூரிகளில் கறுப்பின வரலாற்று மாதம். அதுக்கு முந்தின மாசம் மார்ட்டின் லூதர் கிங் நாள். பேனர், ஒரு சிறப்புப் பேச்சாளர், கடைசியில் குரூப் போட்டோ. வருஷா வருஷம் நடக்கிற சடங்குதானேன்னு ரொம்ப நாள் நினைச்சிருந்தேன். டெக்சஸில் ஒரு கல்லூரியின் கதையைப் படிக்கப் போய் அந்த நினைப்பு ஆட்டம் கண்டது.

ஹூஸ்டனுக்கு வடமேற்கே, வாலர் கவுண்டியில் (நம்ம ஊர்க் கணக்கில் ஒரு சின்ன மாவட்டம்) இருக்கிறது ப்ரெய்ரி வியூ ஏ அண்ட் எம் பல்கலைக்கழகம். கறுப்பின இளைஞர்களுக்காக 1876-ல் மாநில அரசு உருவாக்கியது. கட்டிய இடம், முன்பு அடிமைகள் உழைத்த ஒரு பண்ணை.

1971-ல் அரசியலமைப்பின் 26-வது திருத்தம் ஓட்டுப் போடும் வயதை 18 ஆக்கியது. வளாகம் முழுக்க திடீர்னு வாக்காளர்கள். கவுண்டியில் பெயர் பதிவு செய்யும் பொறுப்பு வரி வசூல் அதிகாரி லீராய் சிம்மிடம் இருந்தது. தனக்குத் தெரிந்தவர்களையும், சொத்து வரிப் பட்டியலில் இருப்பவர்களையும் அப்படியே சேர்த்துக்கொள்வார். தெரியாத மாணவர் என்றால் கையில் ஒரு கேள்வித்தாள். படிப்பு முடிஞ்சதும் என்ன செய்வதாக உத்தேசம்? இங்கே வேலை இருக்கா? வீடு, சொத்து உண்டா? கார் இந்தக் கவுண்டியில் பதிவாகியிருக்கா? டெலிபோன்? கல்லூரி சம்பந்தப்படாத சர்ச், கிளப் எதிலாவது உறுப்பினரா?

பதினெட்டு வயசுப் பிள்ளைகிட்ட சொத்து விவரம்! இருபது வருஷமா படிவங்களுக்கு நிரல் எழுதுறவன் நான். எந்தக் கேள்வியைக் கட்டாயமாக்கியிருக்காங்கன்னு பார்த்தாலே யாரை வெளியே நிறுத்தப் பார்க்கிறாங்கன்னு தெரிஞ்சிடும். இதில் இன்னொரு வேடிக்கை: மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் இதே மாணவர்களை, விடுதியில் தங்கியிருப்பதால், வாலர் கவுண்டிவாசிகளாகத்தான் எண்ணுவார்கள். தலை எண்ணிக்கைக்கு உள்ளூர், ஓட்டுக்கு வெளியூர்.

1972-ல் மாணவர்கள் போட்ட வழக்கு தோற்றது. பிறகு மத்திய அரசே வழக்குப் போட்டது. 1978-ல் மூன்று நீதிபதிகள் கொண்ட அமர்வு அந்தக் கேள்வித்தாள் செல்லாது என்றது. 1979 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்தது. படிக்கிற ஊரில் ஓட்டுப் போடும் உரிமை பற்றிப் பேச்சு வந்தால் அமெரிக்கா முழுக்க இன்றும் சுட்டுகிற தீர்ப்பு இது.

இத்தோட முடிஞ்சிருக்கணும் இல்லையா? 1992-ல் சட்டவிரோதமாக ஓட்டுப் போட்டதாக 19 மாணவர்கள் மேல் குற்றச்சாட்டு, பிறகு கைவிடப்பட்டது. 2003 கடைசியில் மாவட்ட வழக்கறிஞர், மாணவர்கள் இங்கே நிரந்தரமாகக் குடியிருப்பவர்களாக ஆகமாட்டார்கள் என்று எழுதினார், வழக்குப் பாயும் என்றும் மிரட்டினார். 2004 ஜனவரியில், கிங் பிறந்தநாள் வருகிற அதே மாதம், மாணவர்கள் ஹெம்ப்ஸ்டெட் நீதிமன்றத்துக்கு ஊர்வலம் போனார்கள். வழக்கும் போட்டார்கள். அவர் பின்வாங்கினார்.

எனக்கு ஒண்ணு தோணுது. கவுண்டி அலுவலகம் அங்கேயேதான் இருக்கும். மாணவர் கூட்டமோ நாலு வருஷத்துக்கு ஒருமுறை முழுசா மாறிடும். 1979 தீர்ப்பு வந்தப்போ 2004-ல் ஊர்வலம் போனவங்கள்ல பெரும்பாலோர் பிறக்கவே இல்லை. சீனியர் ஜூனியருக்குச் சொன்னால்தான் உண்டு. நான் சடங்குன்னு நினைச்ச ஜனவரி, பிப்ரவரி நிகழ்ச்சிகள் அப்படிச் சொல்ல ஒரு வாய்ப்பு.

2008 பிப்ரவரி 19. ஒபாமாவும் ஹிலாரியும் மோதிய முதற்கட்டத் தேர்தலுக்கு முன்கூட்டியே ஓட்டுப் போடும் முதல் நாள். வளாகத்தில் வாக்குச்சாவடி இல்லை. ஹெம்ப்ஸ்டெட் போகணும், ஏழு மைலுக்கு மேல். ஆயிரத்துக்கும் அதிகமான மாணவர்கள் நெடுஞ்சாலையிலேயே நடந்தார்கள். கறுப்பின வரலாற்று மாதத்தின் நடுவில், நினைவு ஊர்வலமாக இல்லாமல், ஓட்டுப் போடறதுக்காகவே. அப்புறம்தான் கூடுதல் சாவடிகள் வந்தன.

அந்த மாதிரி மாவட்டங்கள் தேர்தல் ஏற்பாட்டை மாற்றினால் மத்திய அரசின் முன் அனுமதி வேண்டும் என்ற விதியை 2013-ல் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு செயலிழக்க வைத்தது. 2018-ல் முன்கூட்டிய வாக்குப்பதிவின் முதல் வாரம் ப்ரெய்ரி வியூவுக்குக் கிடையாது என்று கவுண்டி அட்டவணை போட்டது. மாணவர்கள் திரும்பவும் நீதிமன்றம் போனார்கள். 2022-ல் வந்த தீர்ப்பு அவர்களுக்கு எதிராக இருந்தது. 2018-ல் முதலாமாண்டு சேர்ந்தவர்கள் படிப்பை முடிக்கிற வருஷமும் அதுதான்.