நீளம் சரி, அகலம் போதவில்லை: அகன்ற பாதத்துக்கு ஏற்ற காலணியை வாங்குவது எப்படி?

நேர்முகத் தேர்வு, பட்டமளிப்பு, தங்கையின் திருமணம், புதிய அலுவலக வேலை. இவற்றில் ஏதாவது ஒன்று வரும்போதுதான் நம்மில் பலர் கறுப்புத் தோல் காலணி வாங்கக் கடைக்குப் போகிறோம். எட்டாம் எண் போட்டால் சுண்டுவிரல் நசுங்குகிறது. "ஒன்பது போட்டுப் பாருங்க" என்கிறார் கடைக்காரர். ஒன்பதில் விரல் தப்பிக்கிறது, ஆனால் குதிகால் கழல்கிறது. "போடப் போட சரியாயிடும்" என்ற உறுதியோடு பெட்டி கைக்கு வருகிறது. விழா முடிந்து வீடு திரும்பும்போது குதிகாலில் கொப்புளம். அதன்பிறகு அந்தச் சப்பாத்து அலமாரியின் அடித்தட்டுக்குப் போய்விடுகிறது.

குறைந்தபட்ச சம்பளம் 1,700 ரிங்கிட்டாக இருக்கும் நாட்டில், அணிய முடியாத ஒரு ஜோடி காலணி சிறிய இழப்பல்ல. நீரிழிவு உள்ளவருக்கு அது பண இழப்போடு நிற்பதும் இல்லை. பெரும்பாலும் இதற்குக் காரணம் பாதத்தின் குறை அல்ல. நீளத்தை மட்டும் பார்த்து, அகலத்தைப் பார்க்காமல் வாங்குவதுதான்.

எண் கூடினால் அகலம் கூடுமா?

கூடும், ஆனால் போதுமான அளவு கூடாது. நம் கடைகளில் பரவலாக உள்ள யூகே அளவில், ஓர் எண்ணிலிருந்து அடுத்த எண்ணுக்குப் போனால் நீளம் ஓர் அங்குலத்தில் மூன்றில் ஒரு பங்கு, அதாவது ஏறத்தாழ 8.5 மில்லிமீட்டர் கூடும். விரல்களின் அடிமூட்டைச் சுற்றிய அளவு வழக்கமாக 6 மில்லிமீட்டர் அளவே கூடும். 12 மில்லிமீட்டர் சுற்றளவு கூடுதலாக வேண்டிய ஒருவர் இரண்டு எண் மேலே போனால், தேவையே இல்லாத 17 மில்லிமீட்டர் நீளமும் சேர்ந்து வருகிறது. குதிகால் கழல்வது அதனால்தான். காலணி மடங்கும் இடமும் பாதம் மடங்கும் இடமும் பொருந்தாமல் போவதால், மேல்தோல் தவறான இடத்தில் சுருக்கம் விழுந்து சீக்கிரம் வெடிக்கும்.

இதற்குத் தீர்வு, அதே நீளத்தில் அகலமான காலணி. அகலத்தை எழுத்தால் குறிப்பார்கள். பிரிட்டிஷ் முறையில் எஃப் என்பது இயல்பான அகலம். ஜி, எச் என்பவை அதைவிட அகலம். அமெரிக்க முறையில் ஆண்களுக்கு டி இயல்பு. 2ஈ, 4ஈ என்பவை அகலம். ஜப்பானிய முறையில் ஈ, 2ஈ, 3ஈ, 4ஈ என்று போகும். ஒவ்வொரு படிக்கும் சுற்றளவு 6 மில்லிமீட்டர் கூடும். உதாரணமாக, பாதம் 25 சென்டிமீட்டர் நீளமுள்ள ஆணுக்குச் சுற்றளவு 249 மில்லிமீட்டர் என்றால் 2ஈ, 255 என்றால் 3ஈ, 261 என்றால் 4ஈ.

நம் பாதம் ஏன் இப்படி?

சென்னையிலுள்ள மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம் 2021 டிசம்பர் முதல் 2022 மார்ச் வரை இந்தியாவின் 79 இடங்களில் 101,880 பேரின் பாதங்களை முப்பரிமாணக் கருவியால் அளந்தது. இந்தியர்களின் பாதம் ஐரோப்பிய, அமெரிக்கப் பாதங்களைவிட அகலமானது என்று அந்த ஆய்வு கண்டது. அகலம் போதாததால் பலர் தேவைக்கு மேல் நீளமான காலணியை அணிவதும் தெரியவந்தது. இதையடுத்து, இந்தியப் பாதங்களுக்கென 'பா' என்ற தனி அளவுமுறை பரிந்துரைக்கப்பட்டது. 'பாரத்' என்பதன் முதல் எழுத்து அது. நம் முன்னோர் வந்ததும் அந்த மண்ணிலிருந்துதான். இங்குள்ள கடைகளில் இருப்பதும் அதே பிரிட்டிஷ் எண்கள்தான்.

வெறுங்காலோடு வளர்வதும் பாதத்தை அகலமாக்குகிறது. வெறுங்காலோடு நடந்து பழகிய தென்னிந்தியர்களின் பாதம் காலணி அணிந்தவர்களின் பாதத்தைவிட அகன்றிருப்பதாகவும், உடல் எடையைச் சீராகப் பகிர்ந்து தாங்குவதாகவும் 2009ல் வெளியான ஆய்வு ஒன்று காட்டியது. தோட்டப்புறத்தில் வெறுங்காலோடு ஓடித் திரிந்து, இன்று நகரில் வேலை பார்க்கும் பெரியவர்கள் தங்கள் பாதம் 'கோணல்' என்று சொல்லிக்கொள்ளத் தேவையில்லை.

வீட்டிலேயே அளந்துகொள்ளுங்கள்

மாலையில் அளக்க வேண்டும். பகல் முழுதும் நின்று நடந்தபின் பாதம் சற்று வீங்கியிருக்கும். அணியப்போகும் காலுறையைப் போட்டுக்கொள்ளுங்கள். சுவரோரம் காகிதத்தை விரித்து, குதிகால் சுவரைத் தொடும்படி நிமிர்ந்து நில்லுங்கள். உட்கார்ந்தபடி அளந்தால் அளவு குறைவாகக் காட்டும். பென்சிலைச் செங்குத்தாகப் பிடித்து, மிக நீண்ட விரலின் நுனியில் குறியிடுங்கள். சிலருக்குப் பெருவிரலைவிட இரண்டாம் விரல் நீளமாக இருக்கும். பிறகு தையல் டேப்பால் பெருவிரல், சுண்டுவிரல் ஆகியவற்றின் அடிமூட்டுகளைச் சுற்றி அளவெடுங்கள்.

இரண்டு பாதங்களையும் அளப்பது முக்கியம். பலருக்கு ஒன்று சற்றுப் பெரிதாக இருக்கும். பெரிய பாதத்துக்கு வாங்கி, சிறிய பாதத்தின் காலணிக்குள் மெல்லிய உள்தகடு போட்டுக்கொள்ளலாம். பெரிய காலணிக் கடைகள் சிலவற்றில் பிரானாக் எனப்படும் உலோக அளவுகோல் இருக்கும். பாதத்தின் முழு நீளம், குதிகாலிலிருந்து விரல் மூட்டு வரையிலான நீளம், அகலம் ஆகிய மூன்றையும் அது காட்டும். கேட்டு வாங்கி அளக்கலாம்.

எந்தப் பாதத்துக்கு எந்த வகை?

மேற்பாதம் உயர்ந்தவர்கள்: லேஸ் கட்டும் இரு மடல்களும் மேலே திறந்து விரியும் டெர்பி வகையே ஏற்றது. மடல்கள் கீழே சேர்த்துத் தைக்கப்பட்ட ஆக்ஸ்ஃபர்ட் வகை மேற்பாதத்தை இறுக்கும். மாட்டிக்கொண்டு நடக்கும் லோஃபர் கோயிலுக்கும் விருந்து வீடுகளுக்கும் வசதிதான். ஆனால் அதைத் தளர்த்தவோ இறுக்கவோ வழியில்லை என்பதால் பொருந்தாத பாதத்துக்கு அது மிகக் கடினம்.

முன்பாதம் அகன்றவர்கள், பெருவிரல் மூட்டு புடைத்தவர்கள்: நுனி கூராக உள்ளதைத் தவிர்த்து, உருண்ட நுனி உள்ளதைத் தேர்ந்தெடுங்கள். விரல் மூட்டின்மேல் தையலோ அலங்காரத் துளைகளோ இல்லாத மென்மையான தோல் நல்லது.

தட்டைப்பாதம் உள்ளவர்கள்: கழற்றி மாற்றக்கூடிய உள்தகடு உள்ள காலணியை வாங்கினால், பின்னர் பாதவளைவைத் தாங்கும் தகடு வைக்க இடமிருக்கும்.

கடையில் இரண்டு காலிலும் போட்டு, லேஸ் கட்டி, ஐந்து நிமிடமாவது நடந்து பாருங்கள். நீண்ட விரலுக்கு முன்னால் ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் இடம் இருக்க வேண்டும். அசல் தோல் அகலவாக்கில் சற்று இளகும், நீளத்தில் இளகாது. செயற்கைத் தோல் பெரும்பாலும் இளகவே இளகாது. எனவே செயற்கைத் தோல் காலணி கடையிலேயே வசதியாக இல்லையென்றால் வாங்க வேண்டாம்.

கிள்ளான் பள்ளத்தாக்கில் எங்கே தேடலாம்?

கிள்ளானுக்கும் காலணிக்கும் பழைய உறவு உண்டு. 1930களிலேயே பாட்டா நிறுவனம் அங்கே தொழிற்சாலை அமைத்தது. இன்று பிரிக்பீல்ட்ஸ்வாசிகளுக்கு என்யு சென்ட்ரல், மிட்வேலி, கிள்ளான் மக்களுக்கு புக்கிட் திங்கி, புக்கிட் ராஜா பேரங்காடிகள் அருகில் உள்ளன. விலை குறைவாகத் தேடுவோர் கோலாலம்பூர் ஜாலான் துவாங்கு அப்துல் ரஹ்மான் வட்டாரக் கடைகளைச் சுற்றி வரலாம். கடையில் "அகலமா இருக்கா?" என்று கேட்பதைவிட, "இதே நம்பர்ல ஜி இல்ல எச் அகலம் இருக்கா?", "3ஈ இருக்கா?" என்று கேட்டால் பதில் தெளிவாக வரும். கிளார்க்ஸ் ஜி, எச் எழுத்துகளைப் பயன்படுத்துகிறது. ஸ்கெச்சர்ஸில் 'வைட் ஃபிட்' என்ற குறிப்பைப் பாருங்கள்.

ஜப்பானியப் பழைய பொருள்களை விற்கும் ஜாலான் ஜாலான் ஜப்பான் போன்ற கடைகளிலும் 'பண்டல்' கடைகளிலும் 3ஈ, 4ஈ குறியிட்ட அலுவலகக் காலணிகளைத் தேடிப் பார்க்கலாம். ஆனால் அடிப்பாகம் பியு என்ற பொருளால் ஆனதா என்று கவனியுங்கள். நம் நாட்டின் ஈரப்பதத்தில் பியு நாளடைவில் சிதைந்துவிடும். பெட்டியில் பூட்டி வைத்த காலணி திருமண மண்டபத்தில் பொடிப்பொடியாக உதிர்வது இதனால்தான்.

தமிழ்நாட்டுக்குப் போகிறவர்கள் ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை வட்டாரத் தோல் காலணிகளையும் பார்க்கலாம். அங்கும் எண்ணை நம்பாமல் மில்லிமீட்டர் அளவைக் கொண்டு போங்கள். ஏற்கெனவே வாங்கிய தோல் காலணி லேசாகக் கடித்தால், சப்பாத்து தைப்பவரிடம் கொடுத்து மரக்கட்டை வைத்து விரிக்கச் சொல்லலாம். சில மில்லிமீட்டர் கிடைக்கும். அதற்கு மேல் எதிர்பார்க்க முடியாது.

இனிப்பு நீர் உள்ளவர்கள் கவனத்துக்கு

2019 தேசிய சுகாதார ஆய்வின்படி, மலேசியாவில் 18 வயதுக்கு மேற்பட்டவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருந்தது. இனவாரியாகப் பார்த்தால் இந்தியர்களிடையே விகிதம் மிக அதிகம்: ஏறக்குறைய 31 விழுக்காடு. நீரிழிவால் நரம்பு பாதிக்கப்பட்டால் காலணி கடிப்பது உறைக்காது. 'போடப் போட சரியாகிவிடும்' என்ற பேச்சு இவர்களுக்கு ஆபத்தானது.

புதிய காலணியை முதல் நாள் ஒன்றிரண்டு மணி நேரம் மட்டும் அணிந்து, கழற்றியதும் பாதத்தைப் பாருங்கள். அடிப்பாதத்தைக் கண்ணாடி வைத்துப் பார்க்கலாம், வீட்டில் உள்ளவரையும் பார்க்கச் சொல்லலாம். சிவந்த இடம் நெடுநேரம் மறையாவிட்டால் அந்தக் காலணி வேண்டாம். ஒவ்வொரு முறையும் அணியும் முன் உள்ளே கைவிட்டு, கல், ஆணி இருக்கிறதா என்று தடவிப் பாருங்கள். பிறர் அணிந்த காலணியை இவர்கள் வாங்காமலிருப்பதே நல்லது. கொப்புளமோ புண்ணோ வந்தால் தாமதிக்காமல் அரசாங்கச் சுகாதாரக் கிளினிக்குக்குச் செல்லுங்கள். சிறப்புக் காலணி தேவைப்பட்டால் அங்கிருந்தே மருத்துவமனைக்குப் பரிந்துரை பெறலாம்.

ரசீதைப் பத்திரப்படுத்துங்கள்

அளவு பொருந்தாததைச் சட்டம் குறைபாடாகக் கருதாது. மாற்றித் தருவார்களா, எத்தனை நாளுக்குள் என்பதை வாங்கும் முன்பே கேட்டு ரசீதில் எழுதி வாங்குங்கள். வீட்டில் போட்டுப் பார்க்கும்போது அடிப்பாகம் அழுக்காகாமல் பாய்மேல் நடங்கள்.

ஆனால் சில வாரங்களிலேயே அடிப்பாகம் பிரிந்தால் அது தரக்குறைவு. 1999ஆம் ஆண்டு பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் அதற்கு நிவாரணம் தருகிறது. 'விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது' என்ற பலகை அந்த உரிமையைப் பறிக்காது. கடைக்காரர் மறுத்தால் மலேசியப் பயனீட்டாளர் தீர்ப்பாயத்தில் வழக்கறிஞர் இல்லாமலேயே புகார் செய்யலாம். கட்டணம் 5 ரிங்கிட். 50,000 ரிங்கிட் வரையிலான கோரிக்கைகளை அது விசாரிக்கும்.

கடைக்குப் புறப்படும் முன் இடப்பாதம், வலப்பாதம் இரண்டின் நீளத்தையும் சுற்றளவையும் மில்லிமீட்டரில் கைப்பேசியில் குறித்துக்கொள்ளுங்கள். இணையத்தில் வாங்கும்போதும் விற்பனையாளரிடம் கேட்க வேண்டியது இந்த நான்கு எண்களுக்கான பதிலைத்தான்.