கடப்பாட்டு வினைகளும் மொழிச் சட்டங்களும்: நாயாற்றை முன்வைத்து ஒரு குறிப்பு

ஒரு மொழியின் இலக்கணம் வகுப்பறையோடு முடிந்துவிடுவதில்லை. சட்டத்தினூடாக அது மக்கள் வாழ்விலும் புகுகின்றது. ஆங்கிலத்திற் கடப்பாட்டை உணர்த்தும் துணைவினைகளை இந்நோக்கில் ஆராய முற்படுகின்றோம்.

‘ஷல்’ என்னுஞ் சொல் பழைய ஆங்கிலத்திற் ‘கடன்பட்டிருத்தல்’ என்னும் பொருளுடையது. ‘ஓட்’ என்பதும் கடன்படுதலைக் குறித்த வினையொன்றின் இறந்தகால வடிவமே. ‘மஸ்ற்’ என்பதோ அனுமதி பெற்றிருத்தலைக் குறித்த வினையிலிருந்து தோன்றிப் பின்னர்க் கட்டாயப் பொருள் பெற்றது. 1653இல் ஆங்கில இலக்கணம் எழுதிய ஜோன் வொலிஸ், ‘ஷல்’ தன்மையில் வெறும் எதிர்கால நிகழ்வையும், முன்னிலை படர்க்கைகளில் வாக்குறுதியையோ அச்சுறுத்தலையோ உணர்த்துமென வகுத்தார். தமிழின் ‘வேண்டும்’ விருப்பத்தைக் குறிக்கும் வினையடியிற் பிறந்தது. ஆங்கிலச் சொல்லின் வேரிலிருப்பதோ கடன். கடனெனின், கடனாளி யார் என்ற வினா உடன் எழுகின்றது.

இலங்கையின் மொழிச் சட்டங்களை இவ்வினாவோடு நோக்குவோம். 1956ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சட்டம், சிங்களமே ஒரே அரசகரும மொழியென ‘ஷல்’ கொண்டு விதித்தது. 1958ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம், வடக்குக் கிழக்கு மாகாணங்களிற் குறித்த நிருவாகக் கருமங்களுக்குத் தமிழ் பயன்படலாமென ‘மே’ கொண்டு கூறியது. முன்னையது ஆணை, பின்னையது அனுமதி. அவ்வனுமதியைச் செயற்படுத்தும் ஒழுங்குவிதிகள் 1966 ஜனவரியிலேயே நிறைவேறின.

1987இன் பதின்மூன்றாந் திருத்தம் தமிழுக்கும் ‘ஷல்’ வழங்கியது. ஆயின் அவ்வாக்கியத்தின் எழுவாய் மொழியே; கடன்பட்டவர் எவரும் அங்கில்லை. போதிய வசதிகளை அரசு அளித்தல் வேண்டுமென்னும் அரசியலமைப்பு ஏற்பாடே கடனாளியைச் சுட்டியது.

கடனாளியைச் சுட்டுதல் மட்டும் போதுமா? முல்லைத்தீவுக்குத் தெற்கே, கொக்கிளாய்க்குச் செல்லும் கரையோரத்தில் அமைந்த நாயாறு இதற்கு விடை தருகின்றது. 2019 செப்டெம்பர் 23ஆந் திகதி, பௌத்த பிக்கு ஒருவரின் பூதவுடலுக்கு வேறிடத்தில் இறுதிக்கிரியை செய்யுமாறு முல்லைத்தீவு நீதிமன்றம் கட்டளையிட்டது. எனினும், நீராவியடிப் பிள்ளையார் கோவிற் கேணியருகிலேயே அவ்வுடல் எரியூட்டப்பட்டது. அக்கட்டளையிற் சொற்குறை எதுவும் இருக்கவில்லை. அதற்குக் கட்டுப்பட வைக்கும் அதிகாரமே செயற்படவில்லை.

‘லாம்’ ‘வேண்டும்’ ஆவது முதற்படி. எவர் செய்தல் வேண்டுமெனத் தெளிவாவது இரண்டாம் படி. செய்யத் தவறியவர் பொறுப்புக்கூறும் மூன்றாம் படியை இலக்கணம் தரமாட்டாது. அதனை மக்களின் ஒன்றுபட்ட போராட்டமே ஈட்டித் தரும். நாயாற்று மக்கள் இன்னும் காத்திருப்பது அம்மூன்றாம் படிக்கே என்பது எமது துணிபு.