மயிலை அடுப்பும் நெய்வேலி நிலமும்



நாடாண்ட மன்னர்களின் வரலாற்றை நாம் பள்ளியில் பாடமாகப் படித்திருக்கிறோம். நம் வீட்டில் நாள்தோறும் எரியும் அடுப்புக்கும் ஒரு வரலாறு உண்டு. அதைப் படித்தவர் மிகச் சிலரே. மயிலாப்பூரில் ஒரு வீட்டுச் சமையலறையில் தொடங்கி, ஏறத்தாழ 200 கிலோமீட்டர் தெற்கே நெய்வேலியின் நிலத்தடிக்குச் சென்று, மீண்டும் அதே வீட்டுக்குத் திரும்பும் அந்த வரலாற்றை இன்று உங்கள்முன் வைக்க விரும்புகிறேன்.

1960-களின் இறுதியிலும் 1970-களிலும் மயிலையின் மாடவீதிகளை ஒட்டிய வீடுகளில், ஒரே சமையலறையில் மூன்று நான்கு வகை நெருப்பு எரிந்தது. சோறு வடிக்க விறகடுப்பு. பாலைச் சூடாக வைத்திருக்கக் குமுட்டி அடுப்பு. அவசரத்துக்குக் காப்பி போட மண்ணெண்ணெய் ஸ்டவ். குளிக்கும் வெந்நீருக்குச் செப்புப் பாய்லர். சவுக்குக் கட்டையை விறகுத்தொட்டியில் நிறுத்து வாங்கி வருவோம். அக்காலத்தில்தான் 'லெக்கோ' என்னும் புதிய கரி விற்பனைக்கு வந்து எங்கள் வீடுகளில் புகுந்தது. கையில் அடங்கும் கரிய கட்டிகள் அவை. பற்றிக்கொள்ளச் சற்றுத் தாமதமாகும். பற்றியபின் நெடுநேரம் நின்று கனலும். புகை மிகக் குறைவு. விறகுப் புகையில் கண் கலங்கிய தாய்மார்களுக்கு அது பெரிய ஆறுதலாக இருந்தது. நெய்வேலிக் கரி என்று பெரியவர்கள் சொல்வார்கள். நெய்வேலி எங்கே இருக்கிறது, அங்கே கரி எப்படி வந்தது என்று சிறுவர்களாகிய நாங்கள் கேட்டதில்லை. கடையிலிருந்து வருகிறது என்பதே எங்களுக்குப் போதிய விடையாக இருந்தது.

அந்தக் கரியின் அருமையை உணர வேண்டுமாயின், அதற்கு முன் சென்னை நகரம் எந்த நிலையில் இருந்தது என்பதைப் பார்க்க வேண்டும். கடற்கரையில் பெருநகரம் எழுந்துவிட்டது. ஆனால் நகரத்தை இயக்கும் எரிபொருள் அருகில் எங்கும் இல்லை. ராணிகஞ்சு, ஜரியா முதலிய நிலக்கரி வயல்கள் வெகு தொலைவில், வங்காளத்திலும் பீகாரிலும் இருந்தன. மண்ணெண்ணெய் பர்மாவிலிருந்து கப்பலில் வந்தது. 1895-ஆம் ஆண்டு மே 7-ஆம் நாள் இந்தியாவின் முதல் மின்சார டிராம் சென்னையில் ஓடத் தொடங்கியது. பின்னாளில் நகருக்கு ஒளி தந்த பேசின் பிரிட்ஜ் மின்நிலையமும் தொலைவிலிருந்து வந்த நிலக்கரியையே நம்பியிருந்தது. பைக்காரா நீர்மின் நிலையம் 1932-லும், மேட்டூர் நீர்மின் நிலையம் 1937-லும் இயங்கத் தொடங்கின. எனினும் மழை பொய்த்தால் நீர்மின்சாரமும் குறைந்துவிடும்.

இரவல் நெருப்பில் வாழும் நகரத்துக்கு என்ன நேரக்கூடும் என்பதைச் சென்னை 1914-இல் கண்ணாரக் கண்டது. அவ்வாண்டு செப்டம்பர் 22-ஆம் நாள் இரவு, 'எம்டன்' என்னும் ஜெர்மானியப் போர்க்கப்பல் துறைமுகத்தின்மீது குண்டு பொழிந்தது. அது முதன்மையாகக் குறிவைத்தவை பர்மா எண்ணெய்க் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகளே. அவை தீப்பற்றி எரிந்தன. மக்கள் பலர் அஞ்சி நகரைவிட்டே வெளியேறினர். சூழ்ச்சிக்காரனை 'எம்டன்' என்று சொல்லும் வழக்கம் இன்றும் நம்மிடையே இருக்கிறது. இரண்டாம் உலகப் போரில் பர்மா ஜப்பானியர் கையில் வீழ்ந்தபோது, அங்கிருந்து வந்த மண்ணெண்ணெயும் நின்றது. விளக்கில் எண்ணெய் இல்லாத அந்த நாட்களைப் பற்றி என் பாட்டியார் பல முறை சொல்லக் கேட்டிருக்கிறேன்.

இத்தகைய நிலையில்தான் நெய்வேலிச் செய்தி வந்தது. அது பண்டைய தென்னார்க்காடு மாவட்டத்தில் முந்திரியும் பலாவும் விளையும் செம்மண் பூமி. 1930-களில் ஜம்புலிங்க முதலியார் என்னும் நிலக்கிழார் தம் நிலத்தில் கிணறு தோண்டியபோது, நீரோடு கரிய பொருள் ஒன்றும் வெளிவந்தது. அவர் அதைப் புறக்கணிக்காமல் அரசினரின் கவனத்துக்குக் கொண்டுசென்றார். பின்னர்ச் சுரங்கத்துக்காகத் தம் நிலத்தில் பல நூறு ஏக்கரையும் அளித்தார். 1940-களில் புவியியல் துறையினர் துளையிட்டு ஆராய்ந்தனர். 1956-ஆம் ஆண்டு நவம்பர் 14-ஆம் நாள் நெய்வேலி பழுப்பு நிலக்கரி நிறுவனம் பதிவு செய்யப்பெற்றது. காமராசர் தமிழக முதலமைச்சராக இருந்த காலம் அது. 1957 மே 20-ஆம் நாள் பிரதமர் நேரு சுரங்கப் பணியைத் தொடங்கிவைத்தார். மேல்மண்ணை அகற்றி நிலக்கரியைக் கண்ணால் காண நான்கு ஆண்டுகளுக்கு மேல் ஆயின. 1961 ஆகஸ்டில்தான் அந்தப் பழுப்புப் படிவம் வெயிலைக் கண்டது.

அது எத்தனை காலம் இருளில் கிடந்தது தெரியுமா? விழுப்புரம் மாவட்டத்துத் திருவக்கரைக்குச் சென்றவர்கள் அங்குள்ள கல்மரங்களைக் கண்டிருப்பார்கள். ஏறத்தாழ 2 கோடி ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த மரங்கள் அவை. வரியும் வளையமும் மாறாமல் கல்லாகக் கிடக்கின்றன. அவை காணப்படும் மணற்கல்லும், நெய்வேலியில் நிலக்கரியோடு காணப்படும் மணற்கல்லும் 'கடலூர் மணற்கல்' என்னும் ஒரே பெயரால் வழங்குகின்றன. மரம் ஒன்றே, அதன் முடிவு இடத்துக்கேற்ப வேறுபட்டது. வெள்ளம் அடித்து வந்து மணலில் புதைத்த மரத்தில், நிலத்தடி நீரில் கரைந்திருந்த சிலிக்கா ஊறிப் படிந்து அதைக் கல்லாக்கியது. சதுப்பு நிலத்தில் சாய்ந்த மரங்களும் இலைகளுமோ, காற்றுப் புகாத நீரின் அடியில் முழுதும் அழுகாமல் தேங்கின. முதலில் அவை கரிய சேறுபோல் ஆயின. மேலே மண்ணும் மணலும் அடுக்கடுக்காகப் படியப் படிய, அழுத்தத்தாலும் வெப்பத்தாலும் நீர் வெளியேறிக் கரிமம் செறிந்து பழுப்பு நிலக்கரி ஆயின. இன்னும் ஆழமும் காலமும் கிட்டியிருந்தால் ராணிகஞ்சுக் கரியைப்போல் கறுத்து இறுகியிருக்கும். அந்நிலையை எட்டாமையால்தான் நெய்வேலிக் கரியின் எடையில் ஏறத்தாழப் பாதி ஈரமாகவே இருக்கிறது. அந்த மரங்கள் அன்று இலையில் ஏந்திய வெயிலே பிற்காலத்தில் எங்கள் லெக்கோ அடுப்பில் கனன்றது.

இதை வெட்டி எடுப்பது எளிய செயல் அன்று. இடைஞ்சல்கள் இரண்டு. முதலாவது மேல்மண். ஐம்பது மீட்டர் முதல் நூறு மீட்டர் வரை மண்ணையும் பாறையையும் அகற்றினாலன்றிக் கரியைத் தொட முடியாது. ஒரு டன் கரிக்காக ஐந்து கன மீட்டருக்கும் மேற்பட்ட மண்ணைத் தோண்டிக் கொட்ட வேண்டியிருக்கிறது. அதற்காக ஜெர்மனியிலிருந்து மாபெரும் சக்கர வாளி இயந்திரங்கள் வந்தன. கடலூர் மணற்கல்லின் கடுமையால் அவற்றின் எஃகுப் பற்களும் விரைவில் தேய்ந்தன. இரண்டாவது இடைஞ்சல் நீர். கரிப்படிவத்தின் அடியில் ஊற்று நீர் சதுர சென்டிமீட்டருக்கு 6 முதல் 8 கிலோகிராம் அழுத்தத்தோடு மேல்நோக்கித் தள்ளிக்கொண்டிருக்கிறது. மேல்மண்ணின் பாரம் நீங்கியதும் சுரங்கத்தின் தளத்தையே அது பிளந்துவிடும். ஆதலால் இரவும் பகலும் நீரை இறைத்துக்கொண்டே இருக்க வேண்டும். ஒரு டன் கரியைப் பெறப் பல டன் நீரை வெளியேற்ற வேண்டியிருக்கிறது.

இத்தனை உழைப்புக்கும் பயன் கிடைத்தது. சோவியத் நாட்டின் துணையோடு கட்டிய அனல்மின் நிலையத்தின் முதல் 50 மெகாவாட் பிரிவு 1962-இல் இயங்கத் தொடங்கியது. 1970-இல் அந்நிலையம் 600 மெகாவாட் ஆற்றலைப் பெற்றது. அதன் மின்சாரம் தமிழ்நாட்டுக்கே வந்தது. கரியிலிருந்து யூரியா உரமும் செய்தார்கள். ஈரத்தை நீக்கி, அழுத்திக் கட்டியாக்கி, காற்றில்லாக் கலத்தில் சூடேற்றிப் புகையைப் போக்கிய கரியே லெக்கோ. தியாகராய நகரின் கடைவீதி விளக்குகளும், அடையாற்று வீடுகளின் மின்விசிறிகளும், மயிலையின் பாய்லர்களும் நெய்வேலியோடு உறவுபூண்டன. பிறகு வீட்டுக்கு வீடு எரிவாயு உருளை வந்தது, விறகுத்தொட்டிகள் மறைந்தன, லெக்கோவும் மறைந்தது. ஆனால் அந்த உறவு மட்டும் மின்கம்பி வழியே தொடர்ந்தது.

ஆசிரியப் பணியில் இருந்தபோது ஒருமுறை மாணவர்களை நெய்வேலிக்கு அழைத்துச் சென்றேன். சுரங்கத்தின் விளிம்பில் நின்று பார்த்தால், ஆள் எறும்பளவு தெரிவான். நான் டன் கணக்கையும் மெகாவாட் கணக்கையும் சொல்லிக்கொண்டிருந்தேன். எட்டாம் வகுப்புச் சிறுவன் ஒருவன் கைதூக்கி, "ஐயா, இங்கே முன்பு இருந்த ஊர் எங்கே போயிற்று?" என்று கேட்டான். "அவர்களுக்கு வேறிடத்தில் மனை கொடுத்தார்கள்" என்றேன். அவன் தலையசைத்தான். அந்த விடை என் மனத்தை நிறைவிக்கவில்லை.

அது தவறான விடை அன்று. ஆனால் முழுமையான விடையும் அன்று. கிராமங்கள் பல பெயர்ந்தன. மனை கொடுக்கலாம், தொகை கொடுக்கலாம், முப்பாட்டன் வைத்த பலா மரத்தையும் குலதெய்வத்தின் இடத்தையும் எவ்வாறு கொடுப்பது? நிலம் கொடுத்த குடும்பங்களுக்கு நிலையான வேலை வேண்டும் என்ற கோரிக்கை இன்னும் ஓய்ந்தபாடில்லை. 2023 ஜூலையில் வளையமாதேவியில், அறுவடைக்குமுன் நின்ற நெற்பயிரின்மீது இயந்திரம் சென்று கால்வாய் வெட்டியபோது நாடே கலங்கியது. 2020-இல் மே மாதமும் ஜூலை மாதமும் நேர்ந்த கொதிகலன் விபத்துகளில் தொழிலாளர் பலர் உயிர் நீத்தனர். நெய்வேலியால் பல்லாயிரம் குடும்பங்கள் வாழ்வு பெற்றதும் உண்மை. நகரியமும் பள்ளியும் மருத்துவமனையும் எழுந்ததும் உண்மை. வரவை மட்டும் எழுதிச் செலவை எழுதாத கணக்கை எந்த ஆசிரியரும் சரியென்று குறியிடமாட்டார்.

அந்தக் கணக்கில் காலத்தையும் சேர்க்க வேண்டும். அம்முதல் அனல்மின் நிலையம் 58 ஆண்டுகள் உழைத்து, 2020-இல் ஓய்வுபெற்றது. கோடி ஆண்டுகளில் சேர்ந்த செல்வத்தின் ஒரு பகுதியை ஒரு மனிதனின் பணிக்காலத்தைவிடச் சற்றே நீண்ட காலத்தில் செலவழித்தோம். மண்ணுக்கடியில் இன்னும் ஏராளமாகக் கரி இருக்கிறது. இந்தியப் பழுப்பு நிலக்கரி இருப்பில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கு தமிழ்நாட்டினதே. ஆனால் அதில் பெரும்பகுதி காவிரிப் படுகையின் நெல்வயல்களுக்கு அடியில் கிடக்கிறது. 2020-இல் அப்படுகையைப் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலமாக்கும் சட்டம் வந்தது. சோறா, கரியா என்ற கேள்வி இனித் தப்பிக்க இயலாதது. மேலும், ஈரம் மிகுந்த இக்கரி ஒரே அளவு மின்சாரத்துக்குக் கருநிலக்கரியைவிட அதிகக் கரியமில வாயுவை வெளிவிடுகிறது. வான்வெளி வெப்பமாகிக் கடல் உயர்கிறது என்னும் செய்தி, அடையாற்று முகத்துவாரத்தில் குடியிருப்போருக்கு அயலூர்ச் செய்தி ஆகாது.

காற்றிலிருந்தும் கதிரவனிடமிருந்தும் மின்சாரம் பெறுவதில் தமிழ்நாடு முன்னணியில் நிற்பது நமக்கு நல்ல காலம். ஆயினும் காற்றாலையும் சூரியத் தகடும்கூட எவரோ ஒருவருடைய நிலத்தில்தான் நிற்கும். எரிபொருள் மாறினாலும் கடன் மாறுவதில்லை. நகரத்தில் இருப்பவன் பொத்தானை அழுத்தும்போது, நெடுந்தொலைவில் எவரோ ஒருவர் தம் மண்ணைக் கொடுத்திருக்கிறார். அவரை மறவாதிருப்பதும், அவருக்குரிய ஈடு கிடைத்ததா என்று கேட்பதும், வேண்டாத விளக்கை அணைப்பதும் நம்மால் இயலும் செயல்களே.

அன்று சுரங்கத்தின் விளிம்பில் கைதூக்கிய அந்த மாணவன் இன்று எங்கோ ஒரு குடும்பத் தலைவனாக இருப்பான். அவனுக்கு அன்று நான் சொல்லத் தவறிய விடை இதுதான்: அந்த ஊர் எங்கும் போய்விடவில்லை, தம்பி, நம் வீட்டு விளக்கில்தான் எரிந்துகொண்டிருந்தது.