ஈதர்நெட்

ஈதர்நெட் என்பது ஒரு கட்டடத்திலோ வளாகத்திலோ உள்ள கணினி, பிரிண்டர், கேமரா போன்ற கருவிகளைக் கம்பிவழி இணைக்கும் பிணைய முறை. அலுவலகங்களில் ‘லேன் கேபிள்’ என்று கேட்டு வாங்குவது பெரும்பாலும் இதற்கான கம்பியைத்தான். ஐஇஇஇ அமைப்பு இதை 802.3 என்ற எண்ணில் தரப்படுத்தியுள்ளது. ஈதர்நெட் வேறு, இணையம் வேறு. வெளி இணைப்பு அறுந்து கிடக்கும் நாளிலும் பக்கத்து அறை பிரிண்டருக்கு ஒரு பக்கத்தை அனுப்பிவிடலாம்.

கலிபோர்னியாவின் பாலோ ஆல்டோவில் இருந்த ஜெராக்ஸ் ஆய்வு மையத்தில் இது உருவானது. ஆல்ட்டோ என்ற மேசைக் கணினிகளையும் லேசர் பிரிண்டரையும் ஒன்றாக இணைக்க வேண்டியிருந்தது. ராபர்ட் மெட்காஃப் 1973 மே 22 அன்று தம் யோசனையைக் குறிப்பாக எழுதினார். டேவிட் பாக்ஸுடன் சேர்ந்து அதே ஆண்டில் செயல்படுத்தியும் காட்டினார். வேகம் நொடிக்கு 2.94 மெகாபிட். மெட்காஃபுக்கு 2022-ஆம் ஆண்டின் டியூரிங் விருது கிடைத்தது இதற்காகத்தான்.

ஹவாய் பல்கலைக்கழகத்தில் நார்மன் ஆப்ரம்சன் 1971-ல் இயக்கிய அலோகாநெட் இதற்கு முன்னோடி. தீவுகளில் இருந்த முனையங்கள் ஒரே வானொலி அலைவரிசையில் தரவு அனுப்பின. இரண்டு ஒரே நேரத்தில் அனுப்பினால் இரண்டுமே சிதையும். பதில் வராத முனையம் சற்றுப் பொறுத்து மறுபடி அனுப்பும். நெரிசல் கூடக்கூட மோதலும் கூடி, பிணையமே திணறும். மெட்காஃப் செய்த திருத்தங்கள் எளியவை. அனுப்புமுன் கம்பியில் வேறு யாரும் பேசுகிறார்களா என்று கேள். அனுப்பும்போதும் கேட்டுக்கொண்டே இரு. மோதினால் உடனே நிறுத்து. அடுத்த முயற்சிக்கு முன் எவ்வளவு நேரம் பொறுப்பது என்பதைக் கருவி குருட்டாம்போக்கில் தேர்ந்தெடுக்கும்; ஒரு வரம்பு வரை, ஒவ்வொரு மோதலுக்குப் பிறகும் தேர்வின் எல்லை இரட்டிப்பாகும். 10 மெகாபிட் ஈதர்நெட்டில் இந்தக் காத்திருப்பின் அலகு 51.2 மைக்ரோநொடி. 16 முறை முயன்றும் முடியாவிட்டால் கருவி கைவிட்டுவிடும். யார் எப்போது பேசலாம் என்று முறை வைக்கும் தலைவன் தேவையில்லை என்பதே இதன் பலம்.

1980-ல் டிஜிட்டல், இன்டெல், ஜெராக்ஸ் ஆகிய மூன்று நிறுவனங்களும் சேர்ந்து 10 மெகாபிட் வரையறையை வெளியிட்டன. 1983-ல் அது ஐஇஇஇ தரமானது. இதற்குப் போட்டியாக ஐபிஎம் முன்னிறுத்திய டோக்கன் ரிங் என்ற பிணைய முறையில் முறை வைத்தே பேச வேண்டும். மோதலுக்கு இடமே இல்லை. காகிதத்தில் பார்த்தால் அதுதான் ஒழுங்கானது. ஆனால் ஈதர்நெட் மலிவு, பல நிறுவனங்கள் தயாரித்தன. சந்தை அதன் பக்கம் சாய்ந்தது.

தொடக்கத்தில் எல்லாக் கணினிகளும் தடித்த கோஆக்சியல் கேபிள் ஒன்றையே பகிர்ந்துகொண்டன. ஒரே துண்டு 500 மீட்டர் வரை போகலாம். அதன் உறையைத் துளைத்துக் கணினியை இணைத்தார்கள். எங்கோ ஓரிடத்தில் கேபிள் பழுதானால் அந்தத் துண்டில் இருந்த எல்லோருக்கும் வேலை நின்றுபோகும். 1990-ல் முறுக்கிணைக் கம்பிக்கான தரம் வந்ததும் ஒவ்வொரு கணினிக்கும் தனிக் கம்பி, நடுவில் ஒரு ஹப் என்ற அமைப்பு பரவியது. ஹப் வந்ததை எல்லாத் திசையிலும் திருப்பி அனுப்பும். அதே ஆண்டில் கல்பனா என்ற அமெரிக்க நிறுவனம் விற்பனைக்குக் கொண்டுவந்த ஸ்விட்ச் அப்படியல்ல, உரிய போர்ட்டுக்கு மட்டும் அனுப்பும். இரு திசையிலும் ஒரே நேரத்தில் பேச முடிந்தபோது மோதலே இல்லாமல் போயிற்று. ஈதர்நெட்டைப் பேர் பெறச் செய்த உத்தி இன்றைய கேபிள்களில் வேலை செய்வதே இல்லை. 10 கிகாபிட் தரத்தில் அதற்கு இடமும் இல்லை.

மாறாமல் நிலைத்தது ஃபிரேம் என்ற தரவுக் கட்டின் வடிவம். பெறுநர் முகவரி, அனுப்புநர் முகவரி, உள்ளடக்க வகை, பிறகு 46 முதல் 1500 பைட் வரை தரவு, கடைசியில் பிழை சரிபார்க்க 4 பைட். முகவரிகள் 48 பிட் நீளமுள்ள மேக் முகவரிகள்; வழக்கமாக முதல் 24 பிட் தயாரிப்பாளரைக் குறிக்கும். ஃபிரேம் 64 பைட்டுக்குக் குறையக் கூடாது என்ற விதி, பிணையத்தின் கடைக்கோடியில் நேரும் மோதல் அனுப்பி முடிப்பதற்குள் தெரிய வேண்டும் என்பதற்காக வந்தது. மோதல் போய்விட்டது, விதி போகவில்லை.

புதிய கணினியைச் செருகியதும் இரு முனைகளும் வேகத்தை ஒத்துக்கொள்ள, போர்ட் விளக்கு எரியும். அடுத்துக் கணினி ‘எனக்கொரு ஐபி முகவரி வேண்டும்’ என்று எல்லோருக்கும் கேட்கும்படி அறிவிக்கும். வீட்டில் இதற்குப் பதில் தருவது பெரும்பாலும் ரூட்டர். பிரிண்டரின் ஐபி தெரிந்து மேக் தெரியாவிட்டால் அதையும் இப்படியே கேட்டு அறியும். எந்த முகவரி எந்தப் போர்ட்டில் இருக்கிறது என்பதை ஸ்விட்ச், வரும் ஃபிரேம்களின் அனுப்புநர் முகவரியைப் பார்த்துத் தானே கற்கும். இதில் ஓர் ஆபத்து உண்டு. கேபிளின் இரு முனைகளையும் கவனக்குறைவாக ஒரே ஸ்விட்சில் செருகினால், பொது அறிவிப்புகள் முடிவில்லாமல் சுற்றி அலுவலகப் பிணையத்தையே முடக்கிவிடும். ஃபிரேமுக்கு ஆயுள் வரம்பு கிடையாது என்பதே காரணம். 1985-ல் டிஜிட்டல் நிறுவனத்தில் ரேடியா பெர்ல்மன் வகுத்த ஸ்பேனிங் ட்ரீ நெறிமுறை இத்தகைய வளையங்களைக் கண்டு அடைக்கிறது. விலை குறைந்த ஸ்விட்சுகள் பலவற்றில் அது இருப்பதில்லை.

லேன் கேபிளில் நான்கு இணைகளாக எட்டுக் கம்பிகள். நீளம் 100 மீட்டருக்குள் இருக்க வேண்டும். 100 மெகாபிட்டுக்கு ஆரஞ்சு, பச்சை இணைகளே போதும். கிகாபிட்டுக்கு நான்கும் வேண்டும். முனையில் இணைப்பியைப் பொருத்தும் கிரிம்பிங்கில், மற்ற இரண்டு இணைகளான நீலமோ பழுப்போ சரியாக அழுந்தாத கேபிளில் பல கருவிகள் 100 மெகாபிட்டுக்கு இறங்கி வேலை செய்யும். விளக்கு எரிவதால் யாரும் சந்தேகப்படுவதில்லை.

கம்பியில்லாத வைஃபைக்கு 802.11 என்று தனித் தரம், 1997-ல் வந்தது. ஒரே அலைவரிசையில் அனுப்பிக்கொண்டே மற்றவரைக் கேட்பது கடினம் என்பதால், மோதலைக் கண்டுபிடிப்பதற்குப் பதில் முன்கூட்டியே தவிர்க்கப் பார்க்கிறது. கருவி குருட்டாம்போக்கில் சற்றுப் பொறுத்து அனுப்பும். வழக்கமான ஃபிரேமுக்குப் பெறுநர் ‘வந்தது’ என்று ஒப்புதல் தர வேண்டும். ஒப்புதல் வராவிட்டால் மறுபடி அனுப்பும்.