பிறவிச் சத்தமும் நோய்ச் சத்தமும்

எருத்தேன்பதியில் ஏறுவதற்கு மலை கிடையாது. தென்னந்தோப்புகளுக்கு நடுவே நேராகப் போகிற ரோடுதான். ஆனாலும் நெல்லியாம்பதி எஸ்டேட் ஜீப்புகளும், மறையூர், காந்தளூரிலிருந்து சின்னாறு, உடுமலை, பொள்ளாச்சி வழியாகச் சுற்றிக்கொண்டு வரும் இடுக்கி ஜீப்புகளும் எங்கள் பட்டறையைத் தேடி வந்திருக்கின்றன. அந்த நேர் ரோடுதான் காரணம். மலையில் ஏற்றத்தில் இன்ஜின் இரையும், இறக்கத்தில் பிரேக் முனகும், கல்லில் பட்டை அடிக்கும். எது எங்கே கத்துகிறது என்று பிரித்தறிய முடியாது. மலை கெடுத்ததைச் சமவெளியில்தான் கேட்க முடியும் என்பார், எனக்குத் தொழில் பழக்கிய மேஸ்திரி.

அவர் கை வைத்துப் பழகியது டிஸ்போசல் வண்டிகளில். இரண்டாம் உலகப்போருக்காக வில்லிஸும் ஃபோர்டும் சேர்ந்து ஆறு லட்சத்துக்கும் மேல் ஜீப் செய்திருந்தன. போர் முடிந்ததும் ராணுவம் கழித்துவிட்டவை இந்தியாவில் ஏலத்துக்கு வந்தன. 1945இல் லூதியானாவில் தொடங்கிய மஹிந்திரா அண்ட் முகமது நிறுவனம், 1947இல் வில்லிஸ் ஜீப்பை இங்கேயே பூட்ட ஆரம்பித்தது. மறு வருஷம் மஹிந்திரா அண்ட் மஹிந்திரா என்று பெயர் மாறியது. 1953இல் வந்த சிஜே-3பி மாடலை அமெரிக்காவில் 1968இல் நிறுத்திவிட்டார்கள். நம் ஊரிலோ அதே சேஸிஸும் அதே கியர் ஏற்பாடும் சின்னச் சின்ன மாற்றங்களோடு இன்னும் பல பத்தாண்டுகள் ஓடின. அதனால்தான் மேஸ்திரி 1950களில் கற்ற பாடம், 1980களில் தொழிலுக்கு வந்த எனக்கும் அப்படியே செல்லுபடியானது.

முதல் பாடம், எது நோய் இல்லை என்று தெரிந்துகொள்வது. கியர் பாக்ஸின் பின்னால் ஒட்டிக்கொண்டிருக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸுக்குள் சங்கிலி எதுவும் இல்லை, முழுக்கப் பற்சக்கரம்தான். ஹை கியரில் போனாலும் பலம் நேராகப் பின்னால் போகாது. நடுவிலிருக்கும் ஒரு பற்சக்கரத்தின் வழியாகப் பக்கவாட்டில் இறங்கித்தான் பிராப்பல்லர் ஷாஃப்டுக்குப் போகும். ஆகவே புத்தம்புது ஜீப்பும் ஓயாமல் முனகும். அது பிறவிச் சத்தம். காரிலிருந்து ஜீப்புக்கு மாறிய தோட்டக்காரர்கள் பலர் இதைக் கேட்டுப் பயந்து, நல்ல பெட்டியைப் பிரிக்கச் சொல்வார்கள். பிரித்தால்தான் கெடும்.

நோய்ச் சத்தத்தைக் கண்டுபிடிப்பது கழித்தல் கணக்கு. வண்டி நிற்கிறது, இன்ஜின் ஓடுகிறது, கியர் நியூட்ரலில். கரகரப்பு கேட்கிறது, கிளட்சை மிதித்ததும் நின்றுவிடுகிறது. கியர் பாக்ஸின் முன் பேரிங்கைப் பாருங்கள். மிதிக்கும்போதுதான் சத்தமே வருகிறதென்றால் ரிலீஸ் பேரிங். அடுத்தது நேர் ரோடு. ஓட்டத்தில் இரண்டு பெட்டியையும் நியூட்ரலுக்குத் தள்ள வேண்டும். சத்தம் போகவில்லையா? கியர் பாக்ஸை விட்டுவிட்டு ஷாஃப்ட், ஹவுசிங், வீல் பேரிங் என்று தேடலாம். லேசாக இடமும் வலமும் வளைத்து ஓட்டும்போது ஒரு பக்கம் மட்டும் சத்தம் கூடினால், பாரம் விழுகிற பக்கத்து வீல் பேரிங். ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் ஊளையிட்டு, விட்டால் அடங்குவது ஹவுசிங்குக்குள் இருக்கும் கிரவுன் பல்லின் ஒரு முகத் தேய்மானம். விட்டால் ஊளையிடுவது மறுமுகத்தினுடையது. முன்னே போய்ப் பின்னே எடுக்கையில் 'டக்'கென்றால் ஷாஃப்ட் மூட்டிலுள்ள கிராஸைப் பிடித்து ஆட்டிப் பார்க்க வேண்டும். கிராஸ் காய்ந்துபோனால், நடை வேகத்தில் கீச்கீச்சென்று முதலிலேயே சொல்லிவிடும்.

இதற்கு ஆயுதம் நீளமான ஒரு ஸ்க்ரூ டிரைவர். முனை பெட்டியில், பிடி காதில். அப்புறம் வடித்த 90 நம்பர் ஆயிலை விரலில் தேய்த்துப் பார்ப்போம். மஞ்சள் மினுமினுப்பு என்றால் பித்தளை சிங்க்ரோ வளையம். வெள்ளை என்றால் பல்லோ பேரிங்கோ.

மலை ரோடு மாறியபோது நோயும் மாறியது. இந்த ஜீப்பில் முன் ஆக்ஸிலுக்கும் பின் ஆக்ஸிலுக்கும் நடுவே டிஃப்ரன்ஷியல் கிடையாது. நான்கு சக்கரமும் இழுக்கும்போது வளைவில் முன்சக்கரம் அதிக தூரம் ஓடியாக வேண்டும். மண்ணிலும் சரளையிலும் டயர் கொஞ்சம் வழுக்கி அந்த வித்தியாசத்தைத் தீர்த்துக்கொள்ளும். காய்ந்த தாரில் வழுக்காது. முறுக்கு ஷாஃப்டுக்குள் ஏறி உட்காரும். எஸ்டேட் பாதைகள் தார் கண்ட பிறகு, நான்கு சக்கர லீவரை எடுக்க மறந்த வண்டிகள் நொறுநொறுவென்று வர ஆரம்பித்தன. லீவரும் இறுகிப்போய் வராது. கொஞ்ச தூரம் ரிவர்ஸ் எடுத்தால் முறுக்கு அவிழ்ந்து, லீவர் தானாக விழும்.

காந்தளூரிலிருந்து வந்த ஒரு வண்டியில் ரிவர்ஸ் எடுத்தும் தீரவில்லை. பெட்டியைத் திறக்கலாம் என்றேன். மேஸ்திரி ஒரு சரடை எடுத்து டயர்களைச் சுற்றி அளந்தார். முன்னால் தேய்ந்த ரீசோல், பின்னால் புதுசு, சுற்றளவு ஒன்றல்ல. நேர் ரோட்டிலும் முன்னும் பின்னும் சண்டை. டயரை மாற்றிப் போட்டதும் பெட்டி வாயை மூடிக்கொண்டது.

எங்கள் காதுக்கு வந்த பெரிய சோதனை டீசல். வில்லிஸின் பெட்ரோல் இன்ஜின் அமைதியானது; கியர் முனகுவது அதன்மேல் தெளிவாகக் கேட்கும். டிராக்டர் வம்சத்து இன்டர்நேஷனல் டீசலும், 1980களில் பியூஜோ டீசலும் ஜீப்புக்குள் வந்தபோது அடியிலிருந்து வரும் எதுவும் காதில் விழவில்லை. போடிமெட்டும் கம்பமெட்டும் ஏறி, ஏலத்தோட்டத்துக்கு ஆள் நிறைத்துப் போகிற வண்டிகளில் டிரைவருக்குச் சத்தம் கேட்பதற்குள் கிரவுன் பல் உதிர்ந்திருக்கும். அதிலிருந்துதான் காதோடு கையும் வேலைக்கு வந்தது: கியர் லீவரில் விரல் வைத்து அதிர்வைப் படிப்பது, ஜாக்கியில் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்திச் சக்கரத்தைக் கையால் சுற்றுவது.

காதை ஏமாற்றவும் ஆள் உண்டு. வண்டி விற்கிற தரகர்களில் சிலர் 90 ஆயிலுக்குப் பதில் கெட்டியான 140 ஊற்றிவிடுவார்கள். ஊளை அடங்கிவிடும், தேய்மானம் அப்படியே இருக்கும். அதனால் பழைய ஜீப் வாங்க வருகிறவர்களிடம், ஓட்டிப் பார்ப்பதற்கு முன் ஆயிலைத் தொட்டுப் பார் என்பேன்.

சூரியநெல்லியிலிருந்து கொழுக்குமலைக்குச் சுற்றுலாக்காரர்களை ஏற்றிக்கொண்டு பழைய ஜீப்புகள் இன்றும் போகின்றன. டிரைவர் பையன்கள் சத்தத்தைப் போனில் பிடித்து எனக்கு அனுப்புகிறார்கள். நியூட்ரலில் நிற்கிறதா, கிளட்சை மிதித்தால் என்ன ஆகிறது என்று திருப்பிக் கேட்பேன். பார்க்கவில்லை அண்ணா என்பார்கள். அவர்கள் மேல் குற்றமில்லை. ஒரே அடிவயிறு அரை நூற்றாண்டுக்கு மேல் பெரிதாக மாறாமல் ஓடியதால்தான் ஒரு தலைமுறை தன் காதை அடுத்த தலைமுறைக்குக் கொடுக்க முடிந்தது. சில வருஷத்துக்கொரு முறை பெட்டியே மாறுகிற இன்றைய வண்டியில், பிறவிச் சத்தம் எது என்று பழகுவதற்குள் அடுத்த மாடல் வந்துவிடுகிறது.