நாலு கட்டத்தில் ஒரு நாள்



கொஞ்ச நாளைக்கு முன் எனது வகுப்புப் பிள்ளைகளுக்கு ஒரு வேலை கொடுத்தேன். வீட்டில் உள்ள மூத்தவர் ஒருவரிடம் 1990 ஒக்டோபரைப் பற்றிக் கேட்க வேண்டும். கேட்டதைக் கொப்பியின் ஒரு பக்கத்தில் நாலு கட்டம் போட்டு, சித்திரக்கதை மாதிரி வரைந்து வர வேண்டும்.

ஒரு மகள் கொண்டு வந்ததில் முதல் கட்டத்தில் ஒரு சட்டி, தோசைக்கு ஊறப் போட்ட உளுந்து. இரண்டாவதில் பூட்டிய கதவு. மூன்றாவதில் லொறி. நாலாவது கட்டம் வெறுமையாக இருந்தது.

"ஏன் மகள், இதை வரையல்லயா?" என்று கேட்டேன்.

"அதுக்குப் பிறகு நடந்தது மூத்தம்மாக்கு ஞாபகம் இல்லையாம் சேர்."

அந்த வெற்றுக் கட்டம்தான் என்னை இதை எழுத வைத்தது.

தமிழில் நாட்குறிப்பு என்றால் முதலில் நினைவுக்கு வருபவர் புதுச்சேரி ஆனந்தரங்கப்பிள்ளை. 1736 முதல் 1761 வரை எழுதினார். பிரெஞ்சு ஆளுநர் டூப்ளேயின் துபாஷியாக இருந்தவர் அவர். காகிதமும் கல்வியும் வசதியும் அவரிடம் இருந்தன. அதனால் அவர் பார்த்த ஊர் இன்றும் நம் கைக்குக் கிடைக்கிறது. அதே ஊரில் உப்புச் சுமந்தவனும் மீன் விற்றவளும் என்ன பார்த்தார்கள் என்பது கிடைக்கவில்லை. எழுத்துக் கைவராதவர்களின் நாட்கள் வரலாற்றில் இப்படித்தான் காணாமல் போகின்றன.

எழுத்தோடு படத்தையும் சேர்த்தால் இந்தத் தடை பாதி குறைந்துவிடும். ஜப்பானில் ஆரம்பப் பாடசாலைப் பிள்ளைகளுக்குக் கோடை விடுமுறையில் கொடுக்கும் வீட்டுவேலைகளில் ஒன்று படநாட்குறிப்பு. பக்கத்தின் மேலே படம், கீழே சில வரிகள். அமெரிக்காவில் ஜேம்ஸ் கொச்சால்கா என்ற ஓவியர் 1998 ஒக்டோபரில் தொடங்கி 2012 டிசம்பர் வரை தன் நாளைச் சித்திரக்கதையாக வரைந்தார். பெரும்பாலும் நாலே கட்டங்கள். பெரிய சம்பவம் எதுவும் இல்லை. மனைவியோடு சின்னச் சண்டை, பூனை, பிள்ளை பிறந்தது, தடிமன் வந்தது. பதினான்கு வருடம் சேர்ந்தபோது அது ஒரு குடும்பத்தின் வரலாறாக நின்றது.

நமக்கு இன்னும் நெருக்கமான ஓர் உதாரணம் இருக்கிறது. மினே ஒகுபோ என்ற பெண் அமெரிக்காவில் பிறந்தவர். பெற்றோர் ஜப்பானியர். 1941 டிசம்பரில் ஜப்பான் பேர்ல் துறைமுகத்தைத் தாக்கியதும், மேற்குக் கரையில் வாழ்ந்த ஜப்பானிய வம்சாவளியினர் எல்லோரும் சந்தேகத்துக்கு உரியவர்களானார்கள். 1942இல் சுமார் 1,20,000 பேரை வீடுகளிலிருந்து கிளப்பி முகாம்களில் அடைத்தார்கள். ஒகுபோவின் குடும்பத்துக்குக் கிடைத்தது 13660 என்ற இலக்கம். குதிரைப் பந்தயத் திடலில் குதிரை கட்டிய கொட்டிலில் தங்க வைத்தார்கள். பிறகு யூட்டா மாநிலத்துப் பாலைவன முகாமுக்குக் கொண்டு போனார்கள்.

முகாமுக்குள் கமெரா கொண்டு போகத் தடை. ஆகவே அவர் வரைந்தார். சாப்பாட்டு வரிசை, குளியலறை வரிசை, புழுதிக் காற்று, தட்டிக்கு அந்தப் பக்கம் கேட்கும் குறட்டை. ஏறக்குறைய எல்லாப் படத்திலும் ஓர் ஓரத்தில் தானும் நின்று பார்த்துக்கொண்டிருப்பார். ஒவ்வொன்றின் கீழும் சில வரிகள். 1946இல் 'சிட்டிசன் 13660' என்ற பெயரில் அது புத்தகமானது. 1981இல் அமெரிக்க அரசு நியமித்த ஆணைக்குழு இந்த அநியாயத்தை விசாரித்தபோது, ஒகுபோ போய்ச் சாட்சி சொல்லி அந்தப் புத்தகத்தையும் கையளித்தார். 1988இல் அரசு மன்னிப்புக் கேட்டு, உயிரோடிருந்த ஒவ்வொருவருக்கும் 20,000 டொலர் நட்டஈடு கொடுக்கச் சட்டம் இயற்றியது. அதற்குப் பின்னால் எத்தனையோ பேரின் போராட்டம் இருந்தது. ஆனால் அந்தந்த நாளிலேயே வரைந்து வைத்த படத்தை யாரும் "மறந்துவிட்டாய், மாற்றிச் சொல்கிறாய்" என்று தள்ள முடியாது.

இப்போது நம் பக்கம் வருவோம். 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகள் வடக்கிலிருந்து சுமார் 75,000 முஸ்லிம்களை வெளியேற்றினார்கள். ஒக்டோபர் 30 யாழ்ப்பாணத்தில் கொடுத்த அவகாசம் இரண்டே மணித்தியாலம். மன்னார்த் தீவு மக்கள் பலர் கடல் வழியாகக் கற்பிட்டியில் வந்து இறங்கினார்கள். புத்தளம் மாவட்டமெங்கும் கிடுகுக் கொட்டில்கள் முளைத்தன. இதைப் பற்றிச் சிவில் சமூகம் அமைத்த மக்கள் ஆணைக்குழுவின் அறிக்கை வந்தது 2011 நவம்பரில். பெறுமதியான வேலை. ஆனால் அதற்குள் இருபத்தொரு வருடம் ஓடிவிட்டது. வாய்மொழி கொடுக்க வேண்டிய எத்தனையோ பேர் மண்ணறைக்குப் போய்விட்டார்கள்.

சில பெற்றோர் என்னிடம் கேட்டார்கள், "சேர், உருவம் வரையலாமா?" நான் ஆலிம் இல்லை, தீர்ப்புச் சொல்ல மாட்டேன். மனித உருவம் வேண்டாம் என்றால் பொருட்களை வரையட்டும். அந்த மகளின் நாலு கட்டத்திலும் ஒரு முகம்கூட இல்லை. ஆனாலும் முழுக் கதையும் இருந்தது. யாழ்ப்பாணத்து ஓவியர் தா. சனாதனன் 2011இல் வெளியிட்ட தோம்பு பற்றிய நூலும் அப்படித்தான். இடம்பெயர்ந்த தமிழ் பேசும் மக்களிடம் இழந்த வீட்டின் தரைப்படத்தை ஞாபகத்திலிருந்து வரையச் சொன்னார். தோம்பு என்றால் ஒல்லாந்தர் காலத்துக் காணிப் பதிவேடு. உறுதி தொலைந்த வீட்டுக்கு அந்தக் கைக்கோடுதான் உறுதி.

இது வந்தவர்களுக்கு மட்டுமான வேலை இல்லை. வீட்டையும் பள்ளிவாசலையும் திறந்துவிட்ட ஊர்க்காரர்களுக்கும் அந்த நாள் இருக்கிறது. முதல் இரவில் எத்தனை சட்டி சோறு ஆக்கினார்கள், யார் வீட்டு விறாந்தையில் எத்தனை குடும்பம் படுத்தது என்பதையும் யாரும் வரைந்து வைக்கவில்லை.

பெரிய செலவு ஒன்றும் இல்லை. ஒரு கொப்பி, ஒரு பென்சில், ஓர் அடிமட்டம். இஷாவுக்குப் பிறகு பத்து நிமிடம். மேலே திகதி, கீழே நாலு கட்டம்: இன்று பார்த்தது ஒன்று, கேட்டது ஒன்று, சாப்பிட்டது ஒன்று, மனதில் தைத்தது ஒன்று. படம் அழகாக இருக்க வேண்டியதில்லை. திகதி மட்டும் சரியாக இருக்கட்டும்.

அதற்கு முதல் இன்னொரு காரியம். உங்கள் வீட்டில் மூத்தம்மாவோ அப்பாவோ இருந்தால் இன்றிரவே பக்கத்தில் போய் உட்காருங்கள். லொறி வந்து நின்ற பிறகு என்ன நடந்தது என்று கேளுங்கள். எங்கள் பிள்ளைகளின் கொப்பியில் நாலாவது கட்டம் இன்னும் வெறுமையாகத்தான் இருக்கிறது.